மூன்றாம் தடத்தில் கையைத் தூக்கி நின்றவர்

என் அத்தை வாயைத் திறக்காவிட்டால் இந்த உலகம் ஓர் அங்குலம் நகராது. அவள் காலை ஷிஃப்டுக்கு வந்து மைக்கைத் தட்டிப் பார்த்த பிறகுதான் சூரியனே கிளம்புகிறது. நம்பாதவர்கள் எங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்து விசாரிக்கலாம். விசாரணை கவுண்டரிலும் அவள்தான் இருப்பாள்.

அத்தையின் அறிவிப்பு அறையில் ஒரு மைக், ஒரு மேசை விசிறி, ஒரு குட்டி பெஞ்ச். பெஞ்ச், கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளுக்கு. வயது, சட்டை நிறம், வைத்திருப்பவர்கள் அழைத்து வரவும், இவ்வளவுதான் அறிவிப்பு. நானும் பள்ளிக்கூடமும் மனமொத்துப் பிரிந்த வாரம், கட்டைக்குரலில் போன் போட்டு, வழுக்கைத் தலையும் கையில் பிரம்புமாக ஒரு குழந்தையைக் காணோம் என்று எங்கள் கணக்கு வாத்தியாரின் அடையாளம் சொன்னேன். பாதி அறிவித்த பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. யார் பேசியது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக். டிப்போ டேங்கில் டீசல் குறைகிறது என்று ஒரு போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அத்தை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அப்படி யாரையும் கொண்டுவரவே இல்லையே என்றார்கள். டிப்போவில் ஜீப்பைப் பார்த்த அத்தனை பேருக்கும் அன்றைக்கென்று கண்ணில் தூசி. அத்தை போய்ப் பார்த்த வக்கீலம்மா ஒன்றுதான் கேட்டார்: மாமா உள்ளே இருக்கிறார் என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி.

டிப்போ ஆண்டுவிழாவில் காமெடி நாடகம் போடுகிற இரண்டு பேர் அத்தையைத் தேடி வந்தார்கள். ஒருவர் டிக்கெட் செக்கர், இன்னொருவர் பஸ் கழுவுகிறவர். மாமாவுக்காகத் தெருவில் நாடகம் போடலாம் என்றார்கள். ஆனால் அதற்கு போலீஸ் அனுமதி வேண்டும், அது கிடைக்கிற காரியமா? அத்தை யோசித்துவிட்டு, அறிவிப்பு கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அது தன் வேலை என்றாள். நிலையத்தின் ஒலிபெருக்கிகளில் ஒன்று, எதிரே இருக்கும் ஸ்டேஷனைப் பார்த்துதான் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலக் கூட்டம். பஸ் வந்து நிற்கும் மூன்றாம் தடத்துத் தூணோரம் பஸ் கழுவுகிறவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை; ஒருமுறை உள்ளே போய் வந்தவர். செக்கர் காக்கிச் சட்டையோடு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நின்றவர் தண்ணீர் கேட்டார். செக்கர் பாட்டிலைத் திறந்து தானே குடித்தார். கை இறங்கியபோதெல்லாம் தடியால் நாற்காலியைத் தட்டினார். நாடகம் என்று தெரியாத ஒரு பயணி, நீயெல்லாம் மனுஷனா என்று செக்கரைப் பிடித்துக்கொண்டாள். செக்கருக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, தொப்பி மறைத்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்திற்கு. ஒருவரைக் காணவில்லை. வயது நாற்பத்திநான்கு. நீலச் சட்டை, கையில் கிரீஸ் கறை. ஜீப்பில் ஏற்றிச் செல்லப்பட்டார். வைத்திருப்பவர்கள் உடனே அழைத்து வரவும். பிடித்துச் சென்றவரை ஒரு நாளுக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். அடிக்கக் கூடாது. அவருடைய மனைவி அறிவிப்பு அறையில் காத்திருக்கிறார்."

பஸ் வருவதைச் சொல்கிற அதே குரல். முதலில் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தூணோரம் தூக்கிய கைகள் மட்டும் இறங்கவில்லை.

பத்திரிகைக் கடைக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு வயதான பெரியவர், தைரியசாலி, குரல் கொடுத்தார். "நான் பாத்தேன். ஸ்டேஷன் பின்பக்க ரூம்ல இருக்காரு. இதே மாதிரிதான் நிக்க வச்சிருக்காங்க."

ஸ்டேஷனுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர், தோளில் இருந்த கேனைக் கீழே வைத்தார். "ஆமா, நானும் பாத்தேன். எங்க வந்து சொல்லணும்?"

வக்கீலம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கோர்ட் கேட்டதும் இல்லாத மாமா இருக்கிற மாமா ஆனார். டீசல் குறையவே இல்லை. டேங்க் மீட்டர்தான் பழுது. அந்த மீட்டரை இப்போது மாமாதான் சரிசெய்து வைத்திருக்கிறார். தோள் மட்டும் இன்னும் முழுதாக ஏறுவதில்லை. கொடியில் துணியை அத்தைதான் போடுகிறாள்.

விட்ட அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அறிவிப்பு அறைக்கு வந்து, அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் முகத்தில் முட்ட உட்கார்ந்தார். காணாமல் போனவர் கிடைத்துவிட்டார், பயணிகளுக்கு நன்றி என்று அத்தை சொன்னாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. அறிவிப்பே இல்லாமல் ஒரு பஸ் தானாகக் கிளம்பிப் போனது. ஒருவரும் புகார் சொல்லவில்லை.

இப்போது லீவு நாட்களில் வேறு பேருந்து நிலையங்களிலும் இந்த நாடகம் போடக் கூப்பிடுகிறார்கள். அங்கங்கே பெண்கள் தங்கள் வீட்டு ஆளின் வயதையும் சட்டை நிறத்தையும் சொல்ல அத்தையிடம் வருகிறார்கள்.

இதுவரை எழுதியதை அத்தைக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அத்தை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரிடா. அந்தப் பெரியவர் குரல் நடுவுல கீச்சுனு போச்சே, அதை ஏன் எழுதல?"

வயதானால் அப்படித்தான் ஆகும் என்றேன்.

"ஓகோ. கணக்கு வாத்தியாரைக் காணோம்னு போன் பண்ணவருக்கும் அப்படித்தான் போச்சு." மாமா தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "ஸ்டேஷன் சுவர் ஏறிக் கிழிச்ச உன் பேன்டைத் தைச்சவ நான்டா. நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

மாமாவை எப்படி நிற்க வைத்திருந்தார்கள் என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் கீச்சென்று போகும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன்.