மாட்டுவாய்ப் பாறையும் ஆர்னல்ட் தீக்கரின் பெருந்தன்மையும்

ஆர்னல்ட் தீக்கரின் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, காதோரம் சவரக் கத்தி, எதிரே கண்ணாடியில் அவருடைய சாந்தமான முகம். "சனிக்கிழமை எங்கப்பா போயிருந்தே? மீன் ஏதாவது பட்டுதா?" என்று அவர் மெல்லக் கேட்டால், கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாத பாறையின் பெயரை ஆள் சொல்லிவிடுவான். எங்கள் ஸ்கெல்பி கடற்கரையில் எந்தப் பாறையடியில் காட் மீன் மேய்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு அந்த மீனுக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

திருப்பி அவரைக் கேட்டால் மட்டும் பதில் வராது. "நானா? சும்மா வடக்குப் பக்கம் காலாற நடந்துட்டு வந்தேன் கண்ணு" என்பார். யார்க்‌ஷயர்க் கரையில் தபால்காரர், போலீஸ்காரர், பாதிரியார் எல்லோருமே கண்ணுதான். அப்படிக் கூப்பிட்ட மனிதரிடம் யாரும் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை.

என் ரொட்டிக் கடை அவர் சலூனுக்கு எதிர்வாடையில். அவர் மனைவி மியூரியல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை நடை முடிந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு என் கடைக்கு டீ குடிக்க வருவாள். ஆகவே ஆர்னல்டைப் பற்றி நான் அறிந்ததில் பாதி என் ஜன்னல் வழியாக வந்தது, மீதி மியூரியல் வழியாக. ஜன்னல் கொஞ்சம் மரியாதையாகக் காட்டும்.

நியாயமாகச் சொன்னால், இடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் பாறைக்குப் போவது குளிர்காலத்தில். அவர் போவது கோடையில், கடல் மிகவும் வற்றிக் கிடக்கும் நாட்களில். அப்போது ஒரு காட் மீன்கூடக் கரைப்பக்கம் வராது. சலூன் கதவில் 'இதோ வருகிறேன்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, கையில் ஒரு கழியோடு பாறைகளுக்கு நடுவே இறங்கிவிடுவார். பள்ளம் எங்கே ஓடுகிறது, பட்டைப் பாசி எங்கே அடர்ந்திருக்கிறது, பாசிக்கு நடுவே இரை விழுந்து கிடக்க வெற்றுத்தரை எங்கே இருக்கிறது, கல்லைப் புரட்டினால் நண்டு ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எந்த மேட்டில் நின்றால் அலை அடிக்காது, ஓதம் ஏறித் தண்ணீர் உயரும்போது எந்த வழியாகத் திரும்பலாம் என்று பார்ப்பதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

பிறகு குளிர்காலம் வரும். வாடைக்காற்று சில நாட்கள் விடாமல் அடித்து ஓயும். கடல் இன்னும் டீத்தண்ணி நிறத்தில் புரண்டுகொண்டிருக்கும்போது, பாசியிலிருந்து உதிர்ந்த நண்டுகளைத் தின்னக் காட் மீன் பாறையின் காலடிக்கே வரும். அப்போது ஆர்னல்ட் காலடியிலேயே தூண்டிலைப் போடுவார். இப்படிப்பட்ட இடத்தில், தூண்டிலை அமிழ்த்தக் கட்டும் ஈயக் குண்டு எப்படியும் பாறை இடுக்கில் சிக்கும். அதை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டிவிட்டால் அது அறுந்துகொண்டு போகும், மீன் மேலே வரும். ஈயத்தை யார் இப்படி வாரிக்கொடுப்பார்கள்? எங்கள் ஊரில் எல்லோரும் பழைய ஸ்பார்க் பிளக்கைத்தான் கட்டுவார்கள். கராஜ் வைத்திருக்கும் நாரிஸ் அவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பான். "ஸ்கெல்பி கடலுக்கு மட்டும் இஞ்சின் இருந்தா எப்பவோ ஸ்டார்ட் ஆகியிருக்கும்" என்பான்.

ஆர்னல்டின் ஒரே கோளாறு ரகசியம். தூண்டில் கழியைப் பழைய கம்பளத்தில் சுருட்டி, தோளில் வைத்துக்கொண்டு, பின்சந்து வழியாகப் போவார்.

"விடியக்காலைல ஒரு மனுஷன் வாராவாரம் கம்பளத்தைத் தூக்கிட்டு கடலுக்குப் போறான்" என்றாள் மியூரியல். "பக்கத்து வீட்டு நாய்கூட இப்பல்லாம் எழுந்து பாக்கறதில்ல. இவரு ரகசியமா போறாராம்."

நாட்டையே உலுக்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முந்தைய குளிர்காலம் அது. தூண்டில் சங்கத்தின் வருடாந்தரப் போட்டி ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வந்தது. யார் எந்தப் பாறையில் வேண்டுமானாலும் நிற்கலாம். மதியம் எல்லோரும் 'நீல நங்கூரம்' விடுதிக்கு மீனைக் கொண்டுவந்து எடைபோட வேண்டும். சங்கத் தலைவர் இறைச்சிக் கடை வில்ஃப் கார்பட் பலமுறை கோப்பையை வாங்கியவர். ஆர்னல்ட் ஒருமுறையும் வாங்கியதில்லை. அந்த வருடம் வாங்கியே தீருவது என்று முடிவு செய்திருந்தார்.

அதற்கு அவர் செய்த ஏற்பாடு இது. ஊருக்குத் தெற்கே மாட்டுவாய் என்று ஒரு பாறை இருக்கிறது. போகிற வழி சுலபம், நிற்க வசதி, பார்த்தால் மீன் இருக்கும் போலத் தோன்றும். ஆனால் அதன் பள்ளம் முழுக்க மணல் தூர்ந்துபோய், பாசியும் இல்லாமல் நண்டும் இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. அந்தக் கோடையில்தான் அவர் கழியால் குத்திப் பார்த்திருந்தார். போட்டிக்கு முந்தைய வாரம் வில்ஃப் முடி வெட்ட வந்தார். அன்று என் கடைக்குக் கூட்டம் இல்லை. நான் அங்கே ரொட்டி கொடுக்கப் போனவள் அப்படியே நின்றேன்.

"உனக்கு மட்டும் சொல்றேன் வில்ஃப்" என்றார் ஆர்னல்ட், கத்தரிக்கோலை நிறுத்தி. "மாட்டுவாய்."

"மாட்டுவாயா? அங்க மணல்தானய்யா கெடக்கு?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க."

வில்ஃப் கண்ணாடியில் தன் முகத்தையே வெகு நேரம் பார்த்தார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆர்னல்ட் அதை நாரிஸுக்கு மட்டும் சொன்னார். தபால்காரருக்கு மட்டும் சொன்னார். வங்கிக் குமாஸ்தாவுக்கும் குமாஸ்தாவின் மச்சானுக்கும் தனித்தனியாக, அவரவருக்கு மட்டும் சொன்னார். பழக்கதோஷத்தில், தூண்டிலைத் தொட்டே அறியாத பாதிரியாருக்கும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் மூன்று நாள் வாடை பேய் மாதிரி அடித்தது. கூரை ஓடுகள் பறந்தன. புயல் ஓய்ந்த மறுநாள் பாறைகளை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருவது ஆர்னல்டின் வழக்கம். இந்தத் தடவை போகவில்லை. தாம் நிற்கப்போகும் இடம் வடக்குக் கோடியில் இருக்கும் பாதிரி மேசை என்ற பாறை. அங்கே யாராவது தம்மைப் பார்த்துவிட்டால் ஒரு வாரப் பொய்யும் வீண். ஆகவே வீட்டிலேயே உட்கார்ந்து தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும், கம்பளம் தோளில் கிடக்க, வழுக்குக் கற்கள் மேல் வெகுதூரம் நடந்து பாதிரி மேசைக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் வீச்சிலேயே கனமாக இழுத்தது. மேலே வந்தது ஒரு கூடைப் பாசி. இரண்டாவது வீச்சில் இன்னொரு கூடை. புயல் பிய்த்தெறிந்த பாசி முழுவதும் அந்த மூலையில்தான் ஒதுங்கியிருந்தது. காலை முழுக்க அவர் கடலைக் கூட்டிப் பெருக்கினார். கொண்டுபோன ஸ்பார்க் பிளக்கெல்லாம் தீர்ந்தன. நடுவில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு காட் குஞ்சு வந்தது. அதன் முகத்தைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டார்.

ஆனாலும் மனம் தளரவில்லை என்று பிறகு மியூரியலிடம் சொன்னார். தெற்கே மாட்டுவாயில் வில்ஃப் கார்பட் வெறும் மணலில் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தம்மைத் திட்டிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு, பிளாஸ்கில் இருந்த டீயைவிடச் சூடாக இருந்ததாம்.

போட்டிக்கு இறைச்சிப் பணியாரம் செய்து கொடுத்தவள் நான்தான். அதனால் நீல நங்கூரத்தில் எல்லோருக்கும் முன்பே இருந்தேன். ஆர்னல்ட் கடைசியாக வந்தார். வெறும் பை. 'உங்களுக்கும் ஒண்ணும் கெடைக்கலையா, அடடா' என்று சொல்வதற்கான முகத்தை வாசலிலேயே தயார் செய்துகொண்டு உள்ளே காலை வைத்தார்.

தரை முழுக்க மீன். ஈரச் சாக்குகள் மேல் பாசிப்பச்சையும் பழுப்புமாகக் காட் மீன்கள், வரிசையாக வாயைப் பிளந்து கிடந்தன. அவற்றைத் தாண்டிக்கொண்டு வந்து வில்ஃப் அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"நீ மனுஷன்யா ஆர்னல்ட்."

ஆர்னல்டின் முகத்தில் தயாராக இருந்தது என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வாய் மட்டும் மீன்களைப் போலத் திறந்திருந்தது.

நாரிஸ்தான் கதையைச் சொன்னான். காலையில் ஒவ்வொருவரும் ஒளிந்து ஒளிந்து மாட்டுவாய்க்குப் போயிருக்கிறார்கள். அங்கே சங்கத்தில் பாதிப் பேர் நின்றிருக்கிறார்கள். "'உனக்குமா சொன்னாரு?' 'எனக்கு மட்டும்னுல்ல சொன்னாரு'ன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறோம். ஏமாத்திட்டான்யான்னு கெளம்பறதுக்கே இருந்தோம். வில்ஃப்தான், வந்தது வந்துட்டோம், ஒரு தடவை நனைச்சுட்டுப் போலாம்னாரு."

மூன்று நாள் வாடை அந்தப் பள்ளத்து மணலை ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தது. அடியில் மட்டி மொய்த்த பாறை வெளியே வந்திருந்தது. நண்டுக்கும் குறைவில்லை. முதல் தூண்டில் விழுந்ததிலிருந்து ஓதம் ஏறி எல்லோரும் இடத்தைக் காலி செய்யும் வரை கை ஓயவில்லை.

"மணல் போயிருக்கும்னு இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் வில்ஃப், எல்லோரையும் பார்த்து. "தனக்கு மட்டும் வெச்சுக்கல. ஒவ்வொருத்தனா கூப்பிட்டுச் சொல்லிட்டு, நமக்கு எடம் வேணுமேன்னு தான் வேற பக்கம் போய் நின்னிருக்கான். அதும் வெறுங்கையா வந்திருக்கான்."

தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். மியூரியல் ஜன்னலோரம் என் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லு ஆர்னல்ட்" என்றாள். "எல்லாரும் காத்திருக்காங்கல்ல."

ஆர்னல்ட் தொண்டையைச் செருமினார். "கடல் எல்லாருக்கும் பொதுதானே" என்றார்.

மியூரியலுக்குப் புரையேறிவிட்டது. நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

கோப்பை பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள மீனுக்காக வில்ஃபுக்குப் போயிற்று. அதற்கு அடுத்த பெரிய மீனை எல்லோருமாகச் சேர்ந்து ஆர்னல்டின் பையில் வைத்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். அதையும் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மியூரியல் அந்த மீனை மாவில் தோய்த்துப் பொரித்தாள். அவர் தட்டைத் தொடவில்லை.

"நான் பொய்தான் சொன்னேன் மியூரியல்."

"தெரியும். ஆறிடும், சாப்பிடு."

"போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொல்லிப் பாரு. நம்ப மாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை வில்ஃப் சவரம் செய்துகொள்ள வந்தபோது ஆர்னல்ட் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஏமாற்றத்தான் சொன்னேன், அங்கே மீன் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். வில்ஃப் நுரை பூசிய முகத்தோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கத்தியைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "ஒரு நல்ல காரியம் செஞ்சா அதை ஒத்துக்கறதுக்குக்கூட வெக்கப்படறே பாரு. எங்க அப்பாவும் இப்படித்தான்யா."

அதன் பிறகு அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஊரில் எல்லோரும் சலூனுக்கு வந்து, "இந்த வாரம் எங்க போகலாம்?" என்று பச்சைப் பிள்ளை போலக் கேட்டார்கள். பொய் சொல்ல அவருக்குப் பயம். எந்தப் பொய்யின் அடியில் எத்தனை மீன் கிடக்கிறதோ யார் கண்டது. ஒரு மாதம் தவித்தார். பிறகு உண்மையைச் சொல்லப் பழகிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சலூன் பெஞ்சில் உட்கார இடமில்லாமல் ஆள் நிற்பதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கம்பளம் வாசல் மிதியடியாகிவிட்டது. சில சனிக்கிழமைகளில் அவரும் மாட்டுவாய்க்குப் போய் மற்றவர்களோடு நின்றார். "பேச்சு ரொம்ப ஜாஸ்தி அங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் போகாமல் இருக்கவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து, லீட்ஸிலிருந்து வந்த ஒருவன் அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். முன்பின் பார்த்திராத ஆள். பாதி முடி வெட்டியதும் அவனே குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்கு மட்டும் சொல்றேன். இங்க தெற்கால 'பார்பர் பாறை'ன்னு ஒண்ணு இருக்காம். மீன் அப்படி வருதாம். வெளிய யாருக்கும் தெரியாதாம்."

ஆர்னல்ட் கத்தரிக்கோலை நிறுத்தினார்.

"அப்படியா" என்றார். "போனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ கண்ணு. நீ நிக்கற எடத்துக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு. முன்னால தண்ணி ஏறுதான்னு பாத்துக்கிட்டு நிக்காதே, அந்தப் பள்ளந்தான் மொதல்ல ரொம்பும். அதுல காலணி முங்கற அளவு தண்ணி வந்துதுன்னா, மீன் இழுத்துக்கிட்டிருந்தாலும் சரி, நரம்ப அறுத்துட்டு வந்துடு. புரிஞ்சுதா?"

அவன் சரியென்று தலையை ஆட்டினான். ஆட்டாதே என்று சொல்லி அவன் தலையை நேராகப் பிடித்து வைத்துவிட்டு, கிருதாவை எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டார்.