வெட்டச் சொன்ன இணைச்சீர்

என் கல்யாண வீடியோவிலிருந்து தங்கையையும் அவள் கணவரையும் வெட்டி எடுக்கச் சொன்னவன் நான்தான். கேசட் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது என்று பின்னால் அவளிடம் சொன்னது பொய்.

குண்டடத்தில் அப்பாவின் பூமியை விற்று, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி போட நினைத்திருந்தேன். தங்கையின் பங்கைக் கேட்டு அவள் கணவர், என் மைத்துனர், வழக்குப் போட்டார். கேட்டது நியாயம் என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்த ஆத்திரத்தில்தான் கேசட்டைச் சிடியாக மாற்றக் கொடுத்தேன். எதை நீக்குவது என்று பார்த்துச் சொல்வதற்காக, ஸ்டுடியோக்காரர் முழுவதையும் மிகச் சிறிய அளவில் ஒரு சிடியில் பதிந்து தந்தார். பார்த்துவிட்டு, இணைச்சீர் முழுவதையும் எடுத்துவிடச் சொன்னேன். எங்கள் பக்கம் மணமகனுக்கு உடன்பிறந்தவள் செய்யும் சீர் அது. அவள் இல்லாமல் கல்யாணம் நடக்காது. அதில் அவளுக்குப் பின்னால் மைத்துனர் சிரித்தபடி நின்றார். கேசட்டைத் திருப்பித் தர வேண்டாம், வீசிவிடுங்கள் என்றேன்.

செல்போனில் படம் பிடிக்கும் காலம் வருவதற்குள் மைத்துனர் போய்விட்டார். காரியத்தன்று வெள்ளகோவிலில் தங்கை கேட்டாள்.

"போட்டோ இருக்குதுங்ணா. அவரு நடக்கறது, சிரிக்கறது எதுலயும் இல்லீங்க. உங்க கல்யாணக் கேசட்டுல தேறுங்களா?"

அப்போதுதான் பூஞ்சைக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகும் எப்போதாவது கேட்பாள். அதையே சொல்வேன்.

சென்ற ஆண்டு பீரோவை ஒழித்தபோது, ஸ்டுடியோக்காரர் பார்க்கத் தந்த அந்தச் சிடி கிடைத்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அது எதற்காகப் பதிந்தது என்று கேட்பாளே என்று பயந்தேன். பெரிதாக்கித் துலக்கிவிட்டால், கேசட்டையே மீட்டதாகச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கம்ப்யூட்டரில் வீடியோவைச் சீராக்கித் தருபவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மூஞ்சிக்கு இருக்கறதே நாலு புள்ளிங்க. மீதிய சாஃப்ட்வேரே நெனச்சுப் போட்டுக்கும். வேணும்னா மீசையக்கூட முறுக்கி உட்டுருமுங்க."

"பளிச்சுனு இருந்தாப் போதுங்க" என்றேன்.

தங்கை வீட்டு டிவியில் போட்டோம். அவள் எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றாள்.

"யாருங்ணா இது?"

"மாப்பிள்ளைதான் அம்மிணி."

"பல்லு வரிசையா இருக்குதுங்ளே. எம்பட ஊட்டுக்காரருக்கு முன்பல்லு பாதி இருக்காது. நீங்கதான் அதயே சொல்லிக் கேலி பண்ணீட்டிருப்பீங்க."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிவியை நிறுத்தினாள்.

"எங்களப் பாத்துட்டேதான் வெட்டச் சொன்னீங்களா?"

"ஆமா அம்மிணி."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "மெசினு போட்ட மூஞ்சி வேண்டாம். இருக்கறதக் கொண்டாங்க" என்றாள்.

மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டர்காரரிடமே போனேன். இல்லாததை எதுவும் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். குறுக்கே ஓடிய கோடுகளை மட்டும் நீக்கினார். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சற்றுப் பெரிதாக்கினார். இன்னும் சுருங்கி மங்கிவிடாதபடி தாராள அளவில் புதிதாகப் பதிந்தார். முகம் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் இருந்தது. ஆனால் மைத்துனர் தோள் துண்டைச் சரிசெய்வதும், தங்கையிடம் குனிந்து ஏதோ சொல்வதும் தெரிந்தன.

அது பதிந்த பென் டிரைவைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வாங்க" என்றாள். காப்பி வந்தது. நான் இருக்கும்வரை அதை டிவியில் போடவில்லை.

இப்போது போன் செய்தால் அவள் மகள்தான் எடுக்கிறாள்.

"அம்மா டிவி பாத்துட்டிருக்காங்க மாமா. அப்பறம் கூப்பிடச் சொல்லட்டுங்களா?"

சரி கண்ணு என்று வைத்துவிடுகிறேன். இதுவரை அவள் கூப்பிடவில்லை.