கேஜில் இறங்கிய நோன்புக் கஞ்சி

கண்ணால் கண்டவற்றையும், கண்டவர் வாயிலிருந்து நேரே கேட்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஒருவர் சொல்லி மற்றொருவர் கேட்டு மூன்றாமவர் வழியாக என்னிடம் வந்தவற்றை விட்டுவிட்டேன். அவற்றுள் சில மிக அழகானவை, ஆயினும் விட்டுவிட்டேன். நபிமொழிகளைத் தொகுத்த பழங்காலத்து அறிஞர்கள், ஒரு செய்தி அழகாயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அது யார் யார் வழியாக வந்தது என்று பார்த்தார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். சொன்னவர் நினைவாற்றல் உள்ளவரா, பொய் பேசாதவரா, தமக்கு முந்தியவரை உண்மையிலேயே சந்தித்தவரா என்று விசாரித்தார்கள். அந்த முறையை நூல்களில் படிப்பதற்கு முன்பே ஒரு தூக்குவாளியின் வழியாக அறிந்தவள் நான். அந்தத் தூக்கின் சங்கிலியில் நானும் ஒரு கண்ணியாக இருந்தேன். ஆகவே இந்தக் கண்டிப்பு எனக்குத் தேவைப்படுகிறது. வேலூரில் இருக்கும் மாமாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். திருத்தியபடியே தருகிறேன்.

என் தந்தையை அத்தா என்று அழைப்போம்; அவர் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை செய்தார். பாறை சரியாதபடி மரத்தாங்கல்களை நிறுத்துவது அவர் தொழில். இரண்டாம் ஷிஃப்டு என்றால் பிற்பகலில் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறி, ஷாஃப்டு என்னும் செங்குத்துக் குழிக்குள் இறங்குவார். மேலே வரும்போது ஊர் உறங்கப் போயிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அவருக்குச் சூரியன் கிடையாது, பாங்கொலி கிடையாது. நோன்பு மாதத்தில் அவர் எப்படி நோன்பு திறந்தார் என்பதுதான் இந்த நிகழ்ச்சியின் பொருள்.

அந்த ஆண்டுகளில் நோன்பு குளிர்காலத்தில் வந்தது. ஆண்டர்சன்பேட்டைப் பள்ளிவாசலில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். பத்து வயதுப் பெண்ணான நான் ஒரு தூக்குவாளியில் அதையும் ஒரு பேரீச்சம்பழத்தையும் வாங்கிக்கொண்டு ஷாஃப்டின் வாசல் கேட்டுக்குப் போவேன். அங்கே வேலிக்கு உட்புறம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அவரை நான் பெரியப்பா என்று அழைத்தேன். அவருடைய முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஷாஃப்டின் வாயில் நின்று, கூண்டின் கதவைச் சாத்தி, மணியடித்து அதைக் கீழே அனுப்புவது அவர் பணி. அவர் மணியடித்தாலன்றி அந்தக் கூண்டு நகராது.

நான் கொடுத்த தூக்கை அவர் ஒரு பலகைமேல் வைத்துத் துண்டால் மூடுவார். பொழுது சாய்ந்தபின், இறங்கும் கேஜில் அதை வைத்து அனுப்புவார். கீழே தூக்கு வந்து சேர்ந்தால் சூரியன் மறைந்துவிட்டது என்று பொருள். அத்தாவும் உடன் நோன்பிருந்த ஓரிருவரும் திறப்பார்கள். நோன்பில்லாதவர்களும் ஆளுக்கொரு வாய் குடிப்பார்களாம். காலித் தூக்கு மேலே வரும்வரை நான் கேட்டில் காத்திருப்பேன்.

இப்படிப் பல ஆண்டுகள் நடந்தது. எனக்கு முன்னால் அண்ணன் சுமந்தான். ஒருவரும் இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை.

அவ்வாண்டு அம்மாவின் தம்பி விடுமுறைக்கு வந்தார். வேலூர்ப் பக்கத்து மதரஸா ஒன்றில் அவர் மார்க்கச் சட்டம் ஓதிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த பெட்டியில் உடைகளைவிட ஐயங்கள் அதிகமாக இருந்தன. முதல்நாள் என்னோடு கேட்டுவரை வந்தார், எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் தொடங்கினார்.

“அக்கா, மச்சான் எத வெச்சி நோன்பு தொறக்கறாரு?”

“கஞ்சிய வெச்சி.”

“அது தெரியுது. சூரியன் போயிடுச்சின்னு யாரு சொல்றாங்க?”

“பக்கத்து வூட்டு அண்ணன் அனுப்பறாரு. போனாத்தான அனுப்புவாரு?”

“அவர் நிக்கற எடத்துல சூரியன் சயனைடு மேட்டுக்குப் பின்னால போவுது. மேடு மறைச்சிதா, மேற்கு மறைச்சிதா, இன்னான்னு சொல்றது?”

அம்மா வடையைத் திருப்பிப் போட்டார். “இத்தினி வருசம் ஓதிட்டு, கஞ்சில கல்லு பொறுக்கக் கத்துகினு வந்திருக்கே.”

மாமாவின் ஐயம் வேடிக்கையானதன்று. சயனைடு மேடு என்பது, தங்கம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய பாறைத்தூள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டப்பட்டு வெண்ணிறக் குன்றாக எழுந்து நிற்பது. ஷாஃப்டின் வாயிலிருந்து பார்த்தால் சூரியன் அதன் பின்னால்தான் இறங்கும். அடிவானத்தைத் தொடுமுன்பே கண்ணுக்கு மறைந்துவிடும். சூரியன் மறையுமுன் அறியாமல் நோன்பைத் திறந்துவிட்டால் அந்த நோன்பு நிறைவேறாது. அதற்கு ஈடாக வேறொரு நாள் நோற்க வேண்டும். அப்படியானால் அத்தாவின் இத்தனை ஆண்டு நோன்புகளும் என்னவாகும்? மாமாவுக்கு அத்தாமேல் அளவற்ற அன்பு. அந்த அன்புதான் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை.

மறுநாள் காலை, பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வரும் பொதுக்குழாயடியில் மாமா பெரியப்பாவிடமே கேட்டுவிட்டார். குடத்துடன் நானும் வரிசையில் நின்றேன்.

“தப்பா நெனைக்காதீங்க. சூரியன் முழுசாப் போனப்பறம்தான் தூக்க அனுப்பறீங்களா? மேடு மறைக்குது பாருங்க, அதுக்குக் கேக்கறேன்.”

பெரியப்பா குழாயடியிலிருந்து குடத்தை எடுத்தார். “இன்னா தம்பி, இத்தினி வருசமா யாரும் கேக்கலியே.”

“சட்டத்துல கேக்கச் சொல்லியிருக்குது.”

“சட்டம்னா கேக்க வேண்டியதுதான். மைன்லயும் சட்டம் இருக்குது.” அவர் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு விடை சொல்லவில்லை என்பதை மாமா கவனித்தார். குடம் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மாமா தம் ஐயத்தை அத்தாவிடமும் சொன்னார். அத்தா எதிர்த்துப் பேசவில்லை. “சரி தம்பி” என்றார். அன்று மாலை தூக்கு வழக்கம்போல் கீழே போனது. மேலே வந்தபோது பெரியப்பா அதைத் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்தார், மறுபடியும் மூடினார். கஞ்சி நான் கொடுத்தபடியே குறையாமல் இருந்தது.

“உங்க அத்தாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா, பாப்பா?”

“நல்லாத்தான் இருக்காங்க பெரியப்பா.”

அவர் தூக்கை என்னிடம் நீட்டினார். நான் ஆறிய கஞ்சியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஐயம் தீரும்வரை, மேலே வந்து தம் கண்ணால் வானத்தைப் பார்த்த பிறகே திறப்பது என்று அத்தா முடிவு செய்திருக்கிறார் என்பதை அம்மா பிறகு எனக்குச் சொன்னார். அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் தூக்கு நிறைந்தே போய் நிறைந்தே திரும்பியது. வைகறையில் உண்ட இரண்டு வாய்ச் சோற்றோடு அத்தா ஷிஃப்டு முடியும்வரை மரம் தூக்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டியதைப் பார்த்தேன். அம்மா மாமாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். பெரியப்பா மட்டும் தூக்கை ஒருநாளும் மறுக்கவில்லை. வாங்கினார், அனுப்பினார், கனம் குறையாமல் திரும்பி வந்ததை என்னிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவுக்கு விடுப்பு. அம்மா சொல்லியனுப்ப, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவர் ஒல்லியான மனிதர். பேசுமுன் தொண்டையைச் செருமுவார். நானும் அம்மாவும் உள்கதவோரம் நின்று கேட்டோம்.

மாமா முறையாக வாதிட்டார். “பகல் உறுதியா தெரியுது ஹஜ்ரத். மறைஞ்சதுதான் சந்தேகம். சந்தேகத்தால உறுதி நீங்காதுங்கறது நம்ம சட்டத்துல மூலவிதி. அது இல்லாம, நோன்பு தீனோட, மார்க்கத்தோட விஷயம். அதுல சாட்சி சொல்றவரு முஸ்லிமா இருக்கணும்.”

“நல்லா ஓதியிருக்கே” என்றார் ஹஜ்ரத். பிறகு நிதானமாக விளக்கினார். பழைய நகரங்களில் முரசொலியைக் கேட்டும் பீரங்கி வெடியைக் கேட்டும் மக்கள் நோன்பு திறந்தார்கள். முரசடித்தவனை அழைத்து யாரும் விசாரித்ததில்லை. அது சாட்சியமன்று, அடையாளம். இறைச்சி வாங்கிவர அனுப்பிய வேலையாள் மாற்று மதத்தவனாயினும், எங்கே வாங்கினேன் என்று அவன் சொல்வதை ஏற்று உண்ணலாம் என்று எங்கள் ஹனஃபி சட்டப் பிரிவின் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அடையாளத்தை நம்பித் திறப்பவனுக்கு வேண்டியது ஒன்றே. மறைந்துவிட்டது என்னும் பக்கம் அவன் மனம் தெளிவாகச் சாய வேண்டும். மிகைத்த எண்ணம் என்று அதற்குப் பெயர்.

மாமா விடவில்லை. “மேடு?”

“அதுவும் புதுசில்ல. கோபுரத்துமேல நிக்கறவனுக்குச் சூரியன் தெரியுதுன்னா அவன் தொறக்கக்கூடாது. கீழ இருக்கறவனுக்கு மறைஞ்சிடுச்சின்னா அவன் தொறக்கலாம்னு பேசியிருக்காங்க. மேடு மறைச்சா மறைஞ்சதாவாது, நீ சொல்றது சரி. ஆனா அந்த மனுசன் மேட்டப் பாத்து அனுப்பறாருன்னு உனக்கு யாரு சொன்னா? நீயும் சந்தேகத்தத்தான் வெச்சிகினு இருக்கே.” ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தாவின் பக்கம் திரும்பினார். “சட்டத்த நான் சொல்லிட்டேன். மிச்சத்த நீங்கதான் சொல்லணும். அவர் அனுப்பினா பொழுது போயிருக்கும்னு உங்க மனசு சாயுதா, இல்லியா?”

அத்தா அதிகம் பேசுபவரல்லர். அன்று பேசினார்.

“தினம் அவர் மணியடிச்சித்தான் நான் கீழ போறேன், ஹஜ்ரத். அவர் அடிச்சித்தான் மேல வர்றேன். ஒரு மணி தப்பா அடிச்சார்னா எம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு என்னோட எலும்புகூடக் கெடைக்காது. இத்தினி வருசமா ஒருநாளும், இவர் சரியா அடிப்பாரான்னு நான் நெனைச்சதில்ல. உசுர அவர் கையில குடுத்துட்டு, கஞ்சிக்கு மட்டும் சாட்சி கேட்டா நல்லாவா இருக்குது?”

 மாமா நிமிர்ந்தார். “இது கியாஸ்” என்றார் மெதுவாக. தெளிந்த ஒன்றிலிருந்து தெளியாத ஒன்றை ஒப்புநோக்கி முடிவுக்கு வருவதை மார்க்கச் சட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். அவர் முகத்தில் தோல்வி இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியிருந்தது.

ஹஜ்ரத் சிரித்தார். “கியாஸோ, கேஜோ. தொறக்கறத வேணும்னே தள்ளிப் போடறதும் நல்லதில்ல. நாளைக்குக் கஞ்சிய குடிங்க. போன நோன்புக்கெல்லாம் ஈடு ஒண்ணும் வேணாம்.”

அன்று மாலை அம்மா தம் தம்பிக்கு முதல் வடையைக் கொடுத்தார்.

மறுநாள் வழக்கம்போல் தூக்கோடு கேட்டுக்குப் போனேன். பெரியப்பா அதைப் பலகைமேல் வைக்கவில்லை. கையில் பிடித்தபடி வேலியருகே வந்தார்.

“பாப்பா, உங்க கணக்குப்படி சூரியன் எப்போ போனதா அர்த்தம்?”

முந்தின நாள் கதவோரம் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். மேடு மறைத்தால் கணக்கில்லை என்றும், கோபுரத்தின்மேல் நிற்பவனுக்குத் தெரிந்தால் அவன் திறக்கக்கூடாது என்றும் சொன்னேன்.

“அப்போ இனிமே நீயே பாரு. நீ சொன்னாத்தான் அனுப்புவேன்.”

நான் பார்த்தேன். சூரியன் மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் எங்கள் தலைக்கு மேலே, ஷாஃப்டின்மீது நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சிச் சக்கரத்தில் மஞ்சள் வெளிச்சம் இருந்தது.

“இன்னும் இல்ல, பெரியப்பா.”

அவர் நின்றார். உள்ளேயிருந்து யாரோ, “இன்னாய்யா, கேஜு காத்துகினு இருக்குது” என்று கத்தினார்கள்.

“இரு. சாட்சி இன்னும் சொல்லல” என்றார் பெரியப்பா, திரும்பாமலே.

சக்கரத்தின் விளிம்பிலிருந்து வெளிச்சம் வழிந்து போயிற்று. மேடு சாம்பல் நிறமாயிற்று. நன்றாக இருட்டத் தொடங்கும்வரை பொறுத்து, “போயிடுச்சு” என்றேன். அவர் தூக்கைக் கொண்டுபோய்க் கேஜில் வைத்துக் கதவைச் சாத்தி மணியடித்தார். மேலே சக்கரம் சுழன்றது. திரும்பி வந்த தூக்கை அவர் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது. திறந்து காட்டினார்: அடியில் ஒரு பேரீச்சங்கொட்டை.

“குடிச்சிட்டாரு” என்றார்.

அந்த நோன்பு முழுவதும், அதற்கடுத்த ஆண்டும், அத்தாவின் இரண்டாம் ஷிஃப்டு நாள்களிலெல்லாம் அவர் என்னைக் கேட்காமல் தூக்கை அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சூரியனை மறையச் செய்யும் அதிகாரமே எனக்குக் கிடைத்துவிட்டது போல நடந்துகொண்டேன். மாமாவிடமும் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் என் தலையைத் தடவினார்.

பருவம் எய்தாத பிள்ளையின் சாட்சியம் சட்டத்தில் செல்லாது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தேன். அப்படியானால் அந்தச் சங்கிலியின் மிகப் பலவீனமான கண்ணி நானே. அத்தாவின் நோன்பைத் தாங்கியது என் “போயிடுச்சு” அன்று. அதற்கு முன்பும் பின்பும் தாங்கியது மணிக்கயிற்றைப் பிடித்திருந்த அந்தக் கைதான். மாமா இதை அறிந்திருந்தும் என் பெருமையைக் கெடுக்கவில்லை. அத்தா அந்தக் கையைச் சந்தேகிக்க மறுத்தார். அந்தக் கைக்குரியவர் என்னைச் சாட்சியாக நிறுத்தி, எங்கள் வீட்டில் இனி எவரும் எவரையும் கேள்வி கேட்க வேண்டாதபடி செய்தார். நான் படித்த நூல்களுக்கெல்லாம் முன்னுரையாக இந்த மூவரும் இருந்தார்கள், மூவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. அத்தாவும் பெரியப்பாவும் காலமாகிவிட்டார்கள். ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. ஹஜ்ரத் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒற்றைச் சுவருக்கு அப்பால் பெரியப்பா வீட்டில் இருந்தாரா, அத்தா சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது. விழுந்திருந்தால், மறுநாள் அவர் என்னிடம் கேட்டது அத்தாவின் நம்பிக்கைக்கு ஒரு நன்றி. விழாதிருந்தால், அது குறையாமல் திரும்பிய கஞ்சி தந்த ஒரு காயம். இரண்டில் எது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியும் வயது அப்போது எனக்கு வரவில்லை.