பரம்பின் மேல் நின்றவர்

கடலில் படகு இழுக்கிற பலகைமேல் நிற்க, இரண்டு நாள் பழகியும் விழுந்துகொண்டே இருந்தவன் நான். நரிக்குடிப் பக்கம் சேற்று வயலில் ஒரு விவசாயியைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. டிராக்டர் இழுத்த பரம்புப் பலகைமேல் நின்று வயலைச் சமன் செய்துகொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், முழங்கால்வரை சேறு. ஓடுகிற பலகையில் கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலைத்துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்!

“எனக்கும் தெரியும், கடல்ல பழகியிருக்கேன், இறங்குங்க” என்று ஏறினேன். மூன்று முறை விழுந்தேன்.

“கடல்ல விழுந்தா என்ன ஆகும் அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது. திரும்ப ஏறுவோம்.”

“இங்க நீங்க விழுந்த இடமெல்லாம் பள்ளம். தண்ணி நின்னு நாத்து அழுகிரும்.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவரோ வயலை முதலிலிருந்து சமன் செய்யக் கிளம்பினார், துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே. அந்தத் துண்டை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.