மாமாவின் டிக்கி

பத்து வயதில், மல்லேஸ்வரம் முழுவதிலும் என்னை மிஞ்சிய துப்பறியும் மூளை கிடையாது என்பது என் கருத்து. மற்றவர்கள் கருத்து வேறு. மாடி வீட்டுக்காரரின் செருப்பைத் திருடியது பால்காரர்தான் என்று நான் சாட்சியங்களோடு நிரூபித்த மறுநாள், அதே செருப்பை எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மா எடுத்தாள். போட்டுக்கொண்டு வந்தவன் நானேதான். இப்படிப்பட்டவனை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பிரான்சுக்கு அழைத்துப் போனது யார் தவறு?

போனது மாமாவைப் பார்க்க. அம்மாவின் ஒரே தம்பி. பாரிசில் வேலை, பாரிசிலேயே வீடு. அந்த வீட்டைப் பற்றி அம்மா, மார்க்கெட்டில் பூ விற்பவள் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். அப்பாவுக்கு இரும்புக் கோபுரம் பார்க்க ஆசை. எனக்கு விமானத்தில் ஜன்னல் சீட் போதும். அம்மாவுக்கு மட்டும் ஒரே குறி: தம்பியின் வீட்டுக்குப் போய், தன் கையால் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வர வேண்டும். காப்பிப் பொடியும் ஃபில்டரும் அவள் கைப்பையிலேயே வந்தன.

விமான நிலையத்துக்கு மாமா ஒரு பழைய சாம்பல் நிற வேனில் வந்தார்.

“முதல்ல கிராமத்துப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாங்க்கா. வீட்டுல பெயிண்ட் அடிக்கறாங்க.”

நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அம்மா கேட்டபோது குளியலறைக் குழாய் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் வீட்டுச் சாவி யாரோ ஒரு நண்பரோடு வெளியூர் போயிருந்தது. ஒரே வீட்டுக்கு ஒரே வாரத்தில் இத்தனை கண்டமா?

வழியெங்கும் சூரியகாந்தித் தோட்டங்கள், கோதுமை வயல்கள், மத்தியானம் ஆனால் கடையைச் சாத்திக்கொண்டு காணாமல் போகிற ஊர்கள். அப்பா இதில் எதையும் பார்க்கவில்லை. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால், நம் ஊரில் டிரைவர் உட்காரும் பக்கத்தில் அவர் ஸ்டியரிங் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ரவுண்டானாவிலும் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர் முழங்கால் வீங்கிப்போனது.

நான் மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்தி இளைப்பாறும் இடங்களில், எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்பது அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. அப்படி ஓரிடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து அவர் முதுகில் தட்டினார். நாங்கள் லாட்ஜில் தங்கினால், “எனக்குக் குறட்டை வரும், யாரும் தூங்க முடியாது” என்று மாமா வேனிலேயே படுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, டிக்கியை யாரும் தொடக் கூடாது. எங்கள் பெட்டிகள் மேலே கேரியரில் வெயில் காய்ந்தன. டிக்கிக்கு மட்டும் பூட்டு.

நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘மாமா கடத்தல்காரர்.’

ஐந்தாம் நாள் பாரிஸ். ஆற்றங்கரைத் தெருவில் வேனை நிறுத்திவிட்டு, பார்க்கிங் சீட்டு எடுக்க மாமா மெஷினைத் தேடிப் போனார். அப்பா பாலத்தைப் போட்டோ எடுக்கப் போனார். சாவி வண்டியிலேயே தொங்கியது. இந்த மாதிரி வாய்ப்பை நழுவ விட்டால் நான் என்ன துப்பறிபவன்?

டிக்கிக்குள் ஒரு போர்வை. போர்வைக்கு அடியில் சுருட்டிய மெத்தை, குக்கர், இஸ்திரிப் பெட்டி, மடித்த சட்டைகள், சின்ன முருகன் படம். கூடவே நான்கு எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளிப் புள்ளியாக அம்மாவின் பெயர். எங்கள் வீட்டில் அண்டா முதல் கரண்டி வரை எல்லாவற்றிலும் அதே பெயர்தான் வெட்டியிருக்கும்.

“அம்மா! மாமா நம்ம வீட்டுல திருடியிருக்காரு!”

அம்மா இறங்கி வந்தாள். டம்ளரை வாங்கி, பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். மெத்தையைப் பார்த்தாள். முருகனைப் பார்த்தாள். பிறகு தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல அந்தப் போர்வையை இழுத்து மூடி, சத்தம் வராமல் டிக்கியைச் சாத்தினாள்.

“நீ ஒண்ணும் பாக்கல. புரிஞ்சுதா?”

“திருட்டும்மா…”

“நான்தான்டா குடுத்தேன், அவன் இந்த ஊருக்குக் கிளம்பறப்ப. வாயைத் திறந்தே, நோட்டைக் கிழிச்சு ஆத்துல போட்டுடுவேன்.”

மாமா சீட்டோடு வந்தார். அம்மா வானத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “டேய், வீட்டுக்கெல்லாம் வேணான்டா. பெயிண்ட் வாசனை எனக்குத் தலைவலி. இப்படியே சுத்தலாம், ஜாலியா இருக்கு.”

மாமா அந்தச் சீட்டைப் பரீட்சைத் தாள்போல வெகுநேரம் படித்துக்கொண்டு நின்றார்.

நோட்டில் எழுதினேன்: ‘அம்மாவும் உடந்தை.’

மறுநாள் விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில், அதே துடைப்பக்காரர் இருந்த இடத்தில் வேனை நிறுத்தச் சொன்னாள் அம்மா. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கி வர மாமாவை அவரிடம் அனுப்பினாள். பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிகாக்‌ஷன் இறக்கினாள். பிறகு, யாரையும் கேட்காமல் சாவியை எடுத்து டிக்கியைத் திறந்து அந்த டம்ளர்களை எடுத்தாள். மாமா அப்படியே நின்றுவிட்டார்.

“என்னடா பாக்கற? ஆறிடும், குடி.”

மாமா தலையைக் குனிந்து குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சூடு தாங்கவில்லை என்று நினைத்தேன். ஊதிக் குடிக்கத் தெரியாத கடத்தல்காரர்!

புறப்படும் இடத்தில் அம்மா கைப்பையையும் பெட்டியையும் திறந்து ஃபில்டர், கம்பளி, ஊறுகாய் எல்லாவற்றையும் மாமாவிடம் கொடுத்தாள். கடைசியில் அப்பா உடம்பிலிருந்த ஸ்வெட்டரையும் கேட்டாள். “ஏன்டி, குளிருதே” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கழற்றிக் கொடுத்தார்.

ஊர் வந்ததும் எதிர்வீட்டு ஆன்ட்டி, “மனே ஹேகிதே?” என்று கன்னடத்தில் வீட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

“சின்ன வீடுதான், ஆனா நாலு பக்கமும் ஜன்னல். இந்தப் பக்கம் சூரியகாந்தி, அந்தப் பக்கம் ஆறு. முருகன் படம் வெச்சிருக்கான். நான் குடுத்த டம்ளர்லதான் காப்பி குடிச்சோம், அவன் வீட்டுல உக்காந்து.”

“பொய்! நாம வீட்டுக்குப் போகவே…”

தொடையில் விழுந்தது கிள்ளு. “சும்னே இருடா!”

கண்ணீரோடு நோட்டில் கடைசி வரியை எழுதினேன்: ‘அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்று தெரியவில்லை. மாமாவின் வீட்டை நாங்கள் பார்க்கவே இல்லை.’

வேலை போய், வாடகை வீட்டையும் விட்டு, அந்த வேனையே வீடாக்கியிருந்தார் மாமா. ஆறு நாள் அந்த வீட்டுக்குள்தான், அதுவும் ஜன்னல் ஓரமாக, உட்கார்ந்து வந்தோம் என்பது மல்லேஸ்வரத்தின் கூர்மையான மூளைக்குத் தோன்றவில்லை.