வீங்காத கை

டாக்டர் ரெஜினா போய்விட்டார் என்று கைபேசியில் செய்தி வந்தபோது நான் மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாடவீதியே ஒரு நொடி நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. "இன்னா சார், வேணுமா வாணாமா?" என்றாள் கடைக்காரம்மா. பொறுக்கியதைக் கூடையிலேயே திருப்பிப் போட்டேன். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் அவரோடு காலையில் நடந்த நம் எல்லோருக்கும் தெரியும், காசநோய்க் கிருமியை, இரத்தத்தில் காவல் திரியும் டி செல்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்பதை ஆராய்ந்தே தலையை நரைக்கவிட்டவர் அவர். என்னைவிட மூத்தவர், நடைக்கூட்டமே கூப்பிடுகிறதே என்று அவரும் என்னை மாமா என்பார். கிருமியை ஒரு செல் விழுங்கும், கிருமி அதன் வயிற்றிலேயே குடித்தனம் வைக்கும், டி செல்கள் தாமதமாக வந்து சேர்ந்து, விழுங்கிய செல்லை உசுப்பிவிட்டு, சுற்றிலும் அரண் கட்டும். இதை நான் கேட்காத நாளிலும் சொல்வார். "பல பேர் உடம்புல அது சாகறதில்ல மாமா, அடைபட்டுக் கிடக்குது. காவலுக்கு ஆள் இருக்கிறவரைக்கும் நமக்குத் தெரியாது."

ஊரூர் குப்பத்தில் படகு வைத்திருக்கும் நாகுவின் அண்ணனுக்குக் காசநோய் என்று தெரிந்ததும், வீட்டாருக்கெல்லாம் முன்கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்தப் படகடியில் தினமும் அரட்டை அடித்தவன் என்ற உரிமையில் நானும் கையை நீட்டினேன். இரண்டே நாளில் ஊசி போட்ட இடம் வீங்கி என் கையில் பரங்கிமலை எழுந்தது. உயில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தார். என்றைக்கோ உள்ளே வந்த கிருமியை என் டி செல்கள் மறக்காமல் ஓடி வந்திருக்கின்றன, வீக்கம் அந்தக் கூட்டம்தான், அதுவே நோயாகிவிடாது, எதற்கும் எக்ஸ்ரே எடுங்கள் என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

நாகுவின் கையிலோ கொசு கடித்த தடம்கூட இல்லை. குப்பமே மகிழ்ந்தது. கூடையில் மீன் விற்கும் அவன் மனைவி தேசம்மா, உலக வரலாற்றில் முதல்முறையாக, எனக்கு ஒரு வஞ்சிரத் துண்டைச் சும்மா கொடுத்தாள். ரெஜினா மட்டும் அந்தக் கையை விடாமல் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இருமலுக்குப் பீடிதான் காரணம் என்று அவன் வெகுநாளாகச் சொல்லி வந்தான்.

"அண்ணன்கூட ஒரே ரூம்ல படுத்தவன் நீ. உனக்குத்தான் முதல்ல வீங்கியிருக்கணும். ஒரு காவல் ஆள்கூட ஓடி வரலைன்னா எனக்கு பயமா இருக்கு நாகு."

"கை கிளீனா கீது டாக்டரம்மா. இன்னும் இன்னா பயம்?"

வலையில் மீன் நன்றாகப் படும் சமயம். ஆஸ்பத்திரிக்கு நேரமில்லை என்று கடலுக்குப் போய்விட்டான்.

மீன் இல்லாமல் சோறு இறங்காத சாந்தோம் வீட்டுப் பெண் ரெஜினா, அவன் சோதனைக்குச் சளி கொடுக்கும்வரை மீன் வாங்குவதில்லை என்று அறிவித்தார். வேறு யாரிடமும் வாங்கவில்லை. தினமும் தேசம்மாவின் கூடை முன்னால் நின்று, விலை கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, வெறுங்கையோடு நடப்பார். பார்க்கிறவர்கள் மீன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்களே என்று தேசம்மா கொதித்தாள். கடைசியில் புருஷனைச் சளிப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

கிருமி இருந்தது. நுரையீரல் இரண்டிலும் ஏறியிருந்தது. மெலிந்துபோன உடம்பில் டி செல்களுக்குக் கைவரை ஓடி வரவும் தெம்பில்லை. அதனால்தான் வீக்கம் இல்லை என்றார் ரெஜினா. இன்னும் தாமதித்திருந்தால் என்று அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நான் முடிக்கவிடவில்லை. நாகு மாத்திரைகளை ஒன்று விடாமல் முடித்தான். அடக்கத்தன்று ரெஜினாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்து, அந்த வெயிலில் மூச்சு வாங்காமல் நடந்தான்.

அவருடைய அறிவியல் என் தலையில் தங்காது. நான் வைத்துக்கொண்டது வேறு. எல்லோரும் "அப்பாடா" என்று எழுந்த பிறகும், உட்கார்ந்து ஒருவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்ப்பது. கல்லறைத் தோட்டத்து வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த தேசம்மாவை எல்லோரும் விசாரித்தார்கள். "நான் நல்லாத்தான் கீறேன்" என்றாள். அவர்கள் கிளம்பினார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.