அத்தை கோழி கொடுக்காத கப்பல்

"சும்மா மிரட்டத்தான்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவன் நாட்டு வாசலில் பீரங்கிக் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துவார்களாம், ஆனால் அது சும்மாவாம். இந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது ராயபுரத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில், என் அப்பாவின் வாயிலிருந்து. அதற்காக அவர் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் பார்த்தேன்.

எகிப்து தன் மண்ணில் ஓடும் சூயஸ் கால்வாயைத் தனதென்று சொல்லிவிட்ட வருஷம் அது. பொறுக்குமா வெள்ளைக்காரர்களுக்கு? கடலில் கப்பல்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மை விட்டுப் போய்ப் பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொரு வீட்டுக் கதவை உதைக்கக் கிளம்பிவிட்டார்கள். துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா தினமும் டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்து, எகிப்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கூட்டாளிகளும் ஆளுக்கொரு கை கொடுப்பார்கள். டீ ஆறுவதற்குள் எதிரி தோற்றுப்போவான்.

அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்துபோனபின் எங்களோடு இருந்தார். தெருவில் வீடு வீடாகக் கோழி சேர்த்து, முற்றத்தில் பஞ்சாரக் கூடைகளால் கவிழ்த்து மூடி வைத்திருப்பார். கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் கண்டிராக்டர் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார். தம்பி வீட்டில் அத்தை தலை நிமிர்ந்து சாப்பிட்டது அந்தக் கோழிகளால்தான். அம்மா ஒரு சொல் தடித்துப் பேசினாலும் "என் சோறு நான் துன்றேன்" என்று பதில் சொல்ல முடிந்ததும் அதனால்தான். அந்தக் கண்டிராக்டரை விட்டால் அவருக்கு வேறு ஆள் கிடையாது.

ஒரு நாள் காலையில் கண்டிராக்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார். வழக்கத்தைவிட நிறையக் கோழி வேண்டுமாம். பெரிய வெள்ளைக்காரக் கப்பலாம், உள்ளே பட்டாளமும் சரக்குமாம், சூயஸ் பக்கம் போகிறதாம்.

"அங்க எதுக்குப் போவுது?" என்றார் அத்தை.

கண்டிராக்டருக்கு அது தேவையில்லாத கேள்வி. முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்த அப்பாதான் பதில் சொன்னார். "எகிப்துகாரன மெரட்டத்தான்க்கா. சண்டைலாம் ஒண்ணியும் வராது. சும்மா கப்பல காட்டினா பயந்துடுவான்னு பாக்குறானுங்க."

அத்தை ஒரு சேவலின் காலைக் கட்டி முடித்திருந்தார். மீதிக் கயிற்றைக் கீழே போட்டார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"மெரட்றதுன்னா சும்மாவாடா? ஒருத்தன் வூட்டு வாசல்ல கத்திய தூக்கினு நின்னா, உள்ள கீறவ அடுப்பு பத்த வெப்பாளா, புள்ளைக்குப் பால் குடுப்பாளா? குத்தினாதான் உனக்குக் கணக்கா?"

பாதி முகத்தில் சோப்போடு அப்பா விழித்தார். டீக்கடையில் யாரும் அவரை இப்படி மடக்கியதில்லை.

கண்டிராக்டர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "இன்னாக்கா நீ, கோயிக்கு இன்னா தேசம்? நீ குடுக்கலன்னா அவன் பட்டினியாவா கெடக்கப்போறான்? எனக்கு வேற ஆளு கெடைக்கும். உனக்கு நான் கெடைக்க மாட்டேன், பாத்துக்க."

"கெடைக்காத, போ. என் கையால அவன் வயிறு ரொம்பக் கூடாது."

கண்டிராக்டர் கேட்கவில்லை. வண்டிக்காரனுக்குக் கண் காட்ட, அவன் பஞ்சாரத்தில் கை வைத்தான். அத்தை முந்திக்கொண்டு எல்லாப் பஞ்சாரங்களையும் காலால் தள்ளிவிட்டார். அப்பாவின் தலைக்கு மேலேயே ஒரு கோழி பறந்தது. வண்டிக்காரன் தெருவெல்லாம் துரத்தினான். தெருப் பெண்கள் உதவிக்கு வருவதுபோல ஓடிவந்து, "தோ, அங்க போவுது பாரு" என்று கோழி போகாத பக்கமாகக் கை காட்டினார்கள். கோழிகளுக்கோ தாம் வளர்ந்த வீடு தெரியும். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் நுழைந்தது, பின்னாலேயே கதவு சாத்தப்பட்டது. காலைக் கட்டியிருந்த சேவல் மட்டும்தான் கண்டிராக்டரிடம் மாட்டியது. அது எங்கள் சேவல்.

கப்பல் என்னவோ போய்ச் சேர்ந்தது. வேறெங்கோ கோழி கிடைத்திருக்கும். அப்பாவின் வின்ச்சும் அன்றைக்கு நின்றதாக எனக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நாளில் எகிப்தின் மேல் குண்டு விழுந்தது என்று பேப்பரில் வந்தது. சும்மா மிரட்டப் போனவர்கள்தான் போட்டார்கள், பாவிகள். கண்டிராக்டர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அத்தை கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் வரை வெயிலில் நடந்தார். அதன் பிறகு அம்மா தடித்துப் பேசினால் பேசாமல் இருந்துவிடுவார்.

கோழிகளைத் திறந்துவிட்ட அன்று சாயங்காலம் அத்தை எதுவும் சாப்பிடவில்லை. காலிப் பஞ்சாரங்களை அடுக்கிக்கொண்டே அப்பாவைக் கேட்டார். "ஏன்டா, அந்த ஊரு பொம்பளைங்க புள்ளைங்கள தூக்கினு எங்க ஓடுவாங்க? நம்ம பொழல் ஏரி மாதிரி ஒதுங்க எதுனா கீதா அங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தினமும் பேப்பர் படிப்பவருக்கு இது தெரியவில்லையே என்று நான் என் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வந்து விரித்தேன்.

"நைல்னு ஒரு ஆறு கீது அத்த. ரொம்பப் பெருசு. வத்தவே வத்தாதாம்."

"கீதா?" என்று அந்த நீலக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார் அத்தை.

யுத்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன், ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று பட்டணமே காலியானபோது அத்தை கைக்குழந்தையோடு புழல் ஏரிப் பக்கம் நடந்து போயிருக்கிறார். கப்பல் கடைசிவரை வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல்தான் வந்தது. ஏரிக்கரையிலேயே புதைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அம்மா இதை எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு. அன்றைக்கோ, அப்பாவுக்கே தெரியாத கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.